மலையகத்திலிருந்து ஸ்கூட்டரோடு தமிழகம்: பத்திரம் முதல் வெயில் வரை முழுமையான வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து தமது ஸ்கூட்டரைத் தமிழகத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கப்பல் கூலியைத்தான். அது எட்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னுள்ள ஏழில் ஒன்று தவறினாலும் கட்டிய கூலி வீணாகலாம். நான் ஒருமுறை சென்னை வழியாக நீலகிரியின் கூடலூர் வரை போய்த் திரும்பினேன். பிறகு உறவினர், நண்பர் சிலருக்கு உடனிருந்து உதவினேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுமாறியதால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எத்தனை நாள் என்று தீர்மானியுங்கள்

இரண்டு மூன்று வாரப் பயணமென்றால் ஸ்கூட்டரை அனுப்பாதீர்கள். அங்கே வாடகைக்கு எடுப்பதே மலிவு. பெட்டி, துறைமுகம், பத்திரம் ஆகியவற்றின் செலவு நாள்கணக்கைப் பார்த்துக் குறையாது. இரண்டு மாதத்துக்கு மேல் தங்கி, ஊர் ஊராக உறவுகளைப் பார்க்கப் போகிறவருக்குத்தான் இது கட்டுபடியாகும்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஸ்கூட்டரையும் ஏற்றலாம் என்று பலர் நம்பி வருகிறார்கள். அது பயணிகள் கப்பல். நீங்களும் உங்கள் பையும் போகலாம். ஸ்கூட்டர் கொழும்பிலிருந்து சரக்காகத்தான் போக வேண்டும்.

மாதத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் பெருமழை. மே முதல் வாரத்தில் தொடங்கி மாத இறுதி வரை கத்திரி வெயில். மலையகத்தில் வளர்ந்த உடம்புக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரையான காலமே பொருத்தம்.

2. ஸ்கூட்டர் யாருடையது என்று புத்தகத்தில் பாருங்கள்

பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தால் மட்டும் போதாது. லீசிங்கில் எடுத்த வண்டியென்றால், கடன் முடியும் வரை அறுதி உரிமையாளர் லீசிங் நிறுவனம்தான். அதன் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நாட்டை விட்டு வண்டியை வெளியே கொண்டுபோக முயல வேண்டாம். கடன் முடியச் சில மாதங்களே இருந்தால், முடித்து, பெயரை நீக்குவித்த பிறகு தொடங்குவது நல்லது.

அடுத்து, சேசி எண்ணைப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதாதீர்கள். வண்டியில் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுங்கள். பதினேழு எழுத்தும் வெள்ளையாகத் தாளில் எழும்பும். அதைப் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எனக்கு நேர்ந்தது இதுதான். ஓர் அலுவலகத்தில் பூச்சியத்தை ஆங்கில ‘ஓ’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை, சென்னையில் கவனித்தார்கள். பதினேழு எழுத்துச் சேசி எண்ணில் ஆங்கில ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ ஆகிய மூன்றும் வரவே வராது, ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பக்கூடாது என்பதற்காகவே அவற்றை விலக்கியிருக்கிறார்கள். எந்தப் பத்திரத்திலாவது அந்த எழுத்துகளில் ஒன்றைக் கண்டால் அது பிழைதான். அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

3. சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு

நம் ஊரில் பலரிடம் இருப்பது ஏ1 வகுப்பு. அது 100 சிசி வரைக்கும்தான். இன்று ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 அல்லது 125 சிசி, அவற்றுக்கு ஏ வகுப்பு வேண்டும். உள்ளூரில் யாரும் கேட்காமல் விட்டிருக்கலாம். வெளிநாட்டில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

வகுப்பு சரியென்றால், கொழும்பிலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைப் பெறலாம். மோட்டார் சைக்கிளுக்கான கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே விரித்துப் பாருங்கள். ஒரு வருடம்தான் செல்லும் என்பதால் பயணத்துக்கு நெருங்கிய காலத்தில் எடுங்கள்.

4. வண்டியைச் சமவெளிக்குத் தயார் செய்தல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிக்கு இதனால் பெற்றோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் சேரும். ஆகவே நம் ஊர் கராஜில் வண்டி திருத்தும் பாஸ், திருகாணியைத் திருகிப் பெற்றோலைக் குறைத்து வைத்திருப்பார். மலையில் வண்டி அருமையாக ஓடும். அதே வண்டியைச் சமவெளிக்கு இறக்கினால் காற்று அடர்த்தியாகி, பெற்றோல் போதாமல், இஞ்சின் வழக்கத்துக்கு மேல் சூடாகும்.

தீர்வு எளிது. கீழே இறங்கி ஒருநாள் ஓடிய பிறகு, அங்கேயே ஒரு கராஜில் மறுபடி சரிபார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். செங்கல் பொடி நிறமாக இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு, கரியாக இருந்தால் அதிகம். பெற்றோலைப் பீய்ச்சும் புதிய வகை வண்டிகளுக்கு இந்த வேலை இல்லை. அவை தாமே அளந்துகொள்ளும்.

ஸ்கூட்டரின் இஞ்சினை ஒரு சிறு விசிறிதான் குளிர்விக்கிறது. தோட்டத்து மண்பாதையில் ஓடிய வண்டியில், பக்கத்து மூடிக்குள் உலோகச் செதில்களின் இடையே சேறு அப்பிக் காய்ந்து செங்கல்லாக இருக்கும். குளிரில் அது தெரியாது. 38 பாகை வெயிலில் தெரியும். மூடியைக் கழற்றித் தூரிகையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் போகாது.

இஞ்சின் எண்ணெயைப் புதிதாக மாற்றுங்கள். இந்த வண்டிகளில் மொத்தமே முக்கால் லீட்டர் அளவுதான். அதில் நூறு மில்லி குறைந்தாலும் பெரிய குறை. அளவுகோலைத் திருகி அடைத்துப் பார்ப்பதா, திருகாமல் செருகிப் பார்ப்பதா என்பதைக் கையேட்டில் படியுங்கள். இதைத் தவறாகச் செய்து, எண்ணெய் நிறைய இருக்கிறதென்று நம்பி ஓடியவர்கள் உண்டு.

பெல்ட், பிரேக் கட்டைகள், டயர்: சந்தேகமிருந்தால் மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பெல்ட் வெடிப்பில்லாமல் இருந்தால் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

5. மலை இறக்கத்தில் கை பழக்குங்கள்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே கீழே வரை வருகிறார்கள். டிரம் பிரேக் சூடேறிப் பிடி தளர்வது இப்படித்தான். குளிர்ந்த காற்று ஓரளவு காப்பாற்றிவிடுவதால் இந்தப் பழக்கம் ஊறிப்போய்விடுகிறது. சூடான ஊரின் மலைப்பாதையில் அந்தக் காப்பு கிடையாது.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேகம் மிகவும் குறைந்தால் உள்ளே கிளட்ச் தானாக விடுபட்டு, இஞ்சின் இழுத்துப் பிடிக்காமல் வண்டி சும்மா உருளும். அப்போது முழுப் பாரமும் பிரேக்கின்மேல். சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு கணம் மெல்ல முறுக்கினால் கிளட்ச் கவ்வும். பிறகு முறுக்கை விட்டால் இஞ்சினே கொஞ்சம் தடுத்துப் பிடிக்கும். பிரேக்கை நீண்ட நேரம் தேய்க்காமல், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். விடும் அந்த நேரத்தில்தான் டிரம் ஆறுகிறது.

சாவியை அணைத்து வண்டியை உருட்டிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கப்போய் ஆளை இழக்கும் வேலை அது. தயவுசெய்து வேண்டாம்.

6. மன்னார் வரை ஓர் ஒத்திகை

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. கடல் கடந்த பிறகு தெரிய வேண்டியதையெல்லாம் நம் நாட்டுக்குள்ளேயே மூன்று நாளில் தெரிந்துகொள்ளலாம். கண்டி, தம்புள்ளை, மதவாச்சி, அங்கிருந்து மன்னார் என்று போங்கள். குளிர்ந்த மலை, மிதமான சரிவு, உலர்வலயத்தின் நேர் சாலை மூன்றும் ஒரே பாதையில் கிடைக்கின்றன.

பத்திரத்துக்கு முன் ஒத்திகை ஏன் என்று கேட்கிறார்கள். அடுத்த படியில் எடுக்கப்போகும் சுங்கப் பத்திரத்துக்கு ஒரு வருட ஆயுள். எடுத்த நாளிலிருந்து அது கரையத் தொடங்கும். வண்டியோ ஆளோ தயாரில்லை என்று அதன் பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை.

ஒருமுறை தலவாக்கலைப் பையன் ஒருவனை இப்படி அழைத்துப் போனேன். மடுச் சந்திக்குச் சற்று முன்னால், பகல் ஒரு மணி. கண்ணாடியில் பார்த்தால் அவன் வண்டி சாலையின் நடுக்கோட்டை மெல்லத் தொட்டுத் தொட்டு விலகியது. மர நிழலில் நிறுத்தச் சொன்னேன். தலைக்கவசத்தின் வார்ப்பூட்டைக் கழற்ற விரல் அவனுக்கு இணங்கவில்லை. மூன்றுமுறை தடவினான். நுவரெலியாவில் போடும் அதே தடித்த நைலான் ஜாக்கெட், கழுத்து வரை பூட்டியிருந்தது. கையில் தொட்டால் தோல் அனல். காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தாய் என்று கேட்டேன். ஒருமுறைகூட இல்லை. “தாகமே எடுக்கலையே அண்ணா” என்றான்.

அவனுடைய தவறு என்று சொல்ல மாட்டேன். குளிர் ஊரில் தாகம் எடுத்த பிறகு குடித்தால் போதும். வெயிலில், அதுவும் வியர்வையைக் காற்று உடனே உலர்த்திவிடும் ஸ்கூட்டர்ப் பயணத்தில், தாகம் தெரிவதற்குள் உடம்பு வற்றிவிடும். ஒரு மணி நேரம் நிழலில் கிடத்தி, சட்டையை நனைத்து, ஜீவனி என்னும் உப்புச் சீனித் தூளைக் கரைத்துக் கொடுத்த பிறகே அவன் முகம் தெளிந்தது. அன்று மாலை வரை அவனை வண்டியைத் தொட விடவில்லை.

ஒத்திகையில் குறித்துக்கொள்ள வேண்டியவை: எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை கை மரக்கிறது, எவ்வளவு தண்ணீர் போகிறது, நிறுத்தி மறுபடி கிளப்பும்போது வண்டி அடம் பிடிக்கிறதா, திரும்பி வந்தபின் எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது.

7. சுங்கப் பத்திரமான கார்னே

வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவருகிறேன், விற்காமல் திரும்பக் கொண்டுபோவேன் என்பதற்கான உத்தரவாதம்தான் கார்னே. இந்தியாவுக்கு இது அவசியம். இல்லையென்றால் வண்டிக்கு இறக்குமதித் தீர்வை கேட்பார்கள். இதையும் மோட்டார் வாகனச் சங்கமே வழங்குகிறது. வண்டியின் மதிப்பைப் பொறுத்து வைப்புப் பணமோ வங்கி உத்தரவாதமோ கட்ட வேண்டும். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். சீட்டுப் பணத்தையோ கல்யாணத்துக்கு வைத்த பணத்தையோ இதில் போடாதீர்கள்.

கார்னேயின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நுழையும்போது ஒன்றைச் சுங்கம் கிழித்துக்கொள்ளும், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது அடிக்கட்டை உங்களிடமே இருக்கும். அந்த அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். வைப்புப் பணம் திரும்புவது அந்த இரண்டு முத்திரையைப் பொறுத்தது. துண்டைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் குத்த மறந்துவிடுவது நடக்கிற விஷயம். கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.

கொழும்பில் வண்டி புறப்படும்போது, அது தற்காலிகமாக வெளியேறித் திரும்பி வரும் வண்டி என்று சுங்கத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சரக்கை அனுப்பும் ஏஜெண்டிடம் கேட்டு, பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி திரும்பும்போது புதிய இறக்குமதியாகத் தோன்றக்கூடாது.

8. பெட்டியும் கப்பலும்

சரக்குக் கூலி எடைக்கு அல்ல, பெரும்பாலும் கன அளவுக்குத்தான். முன்சக்கரம், கண்ணாடிகள், காற்றுத் தடுப்பு ஆகியவற்றைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி வைத்தால் பெட்டி கணிசமாகச் சிறுக்கும். கழற்றிய திருகாணிகளை அதனதன் இடத்திலேயே திரும்ப மாட்டிவிடுங்கள். பையில் போட்டால் சென்னையில் எது எங்கே என்று தேடுவீர்கள்.

மரப்பெட்டி வெப்பமூட்டிப் பக்குவப்படுத்திய பலகையால் ஆனதாக இருக்க வேண்டும். அதற்கு அடையாளம் பலகையில் சுட்டிருக்கும் கோதுமைக் கதிர்ச் சின்னம். தோட்டத்து டர்பன்டைன் பலகையில் மலிவாகப் பெட்டி அடித்துக் கொண்டுபோனவரை, துறைமுகத்துக்கு வெளியே மறுபடி பெட்டி அடிக்க வைத்தார்கள்.

பெற்றோல் தாங்கியை வடித்துவிட வேண்டும். பட்டறியின் இணைப்பைக் கழற்றி, முனைகளை டேப்பால் சுற்றுங்கள். இரண்டும் தீ அபாயம் கருதிய விதிகள்.

கூலியைக் கேட்கும்போது கொழும்புச் செலவை மட்டும் கேட்காதீர்கள். சென்னையில் இறக்கும் கூலி, பண்டகசாலைக் கட்டணம், ஏஜெண்ட் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். என் அனுபவத்தில் இறங்கும் பக்கத்துச் செலவு கடல் கூலியைவிடக் கூடுதலாக வந்தது. பண்டகசாலையில் நாளுக்கு நாள் வாடகை ஏறும். ஆகவே பெட்டி சேர்வதற்குள் நீங்கள் சென்னையில் இருக்க வேண்டும்.

9. சென்னையில் முதல் நாட்கள்

இந்தியா 2022 இல் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டுத் தனியார் வாகனத்தில் நான்கு பத்திரங்கள் எப்போதும் இருக்க வேண்டும்: பதிவுச் சான்று, சாரதி அல்லது சர்வதேச அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சொந்த நாட்டில் நடைமுறையிலிருந்தால் புகைப் பரிசோதனைச் சான்று. ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்கு, வழங்கிய அலுவலகம் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இதை ஊரிலேயே முடியுங்கள். சென்னையில் இருந்துகொண்டு செய்ய முடியாது.

இலங்கைக் காப்புறுதி அங்கே செல்லாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியை அங்கே எடுத்த பிறகே சாலையில் இறக்குங்கள். பண்டகசாலை வாசலிலிருந்து விடுதி வரைதானே என்று ஓட்டாதீர்கள். சிறிய லொறியில் ஏற்றிச் செல்லுங்கள்.

பின்பக்கம் நாட்டு அடையாளத்தை ஒட்டுங்கள். நமது சர்வதேச அடையாளம் இன்றும் ‘சி.எல்.’ என்ற இரண்டு எழுத்துத்தான்.

பின்னர் நான்கைந்து நாள் நகரிலேயே காலையும் மாலையும் மட்டும் சிறிது தூரம் ஓட்டுங்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். வியர்வை சீக்கிரம் சுரக்கவும், அதில் உப்பு குறைவாக வெளியேறவும் உடம்பு அந்த நாட்களில்தான் கற்றுக்கொள்கிறது.

10. வெயிலில் ஓட்டுவது

நேரம்: விடியற்காலை ஐந்து முதல் பத்தரை வரை, பிறகு மாலை நான்குக்குப் பின். நடுப்பகலில் நிழலில் தூங்குங்கள். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம் வழியாக மேட்டுப்பாளையம் போவதை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மூன்று காலைகளாகப் பிரியுங்கள்.

உடை: காற்று குளிர்விக்கும் என்று கைகளைத் திறந்துபோட்டு ஓட்டுவதே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 பாகை. காற்று 40 பாகையாக இருந்தால் அது உங்களைக் குளிர்விக்காது, சுடும். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். தளர்வான, முழுக்கைப் பருத்திச் சட்டை. நிறுத்தும் இடங்களில் அதை நனைத்துக்கொள்ளுங்கள். உலர உலரக் குளிரும்.

குடிநீர்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு. வெறும் தண்ணீரையே லீட்டர் லீட்டராகக் குடித்தால் உப்பு குறைந்து தலைசுற்றும். ஜீவனி கைவசம் இல்லையென்றால், ஒரு லீட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து கலக்குங்கள். உப்பிட்ட மோரும் நல்லது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பின் அளவைப் புறப்படும் முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர்: மலையில் மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். காற்றுக் குறைந்த டயர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடேறும். தார் கொதிக்கும் சாலையில் அது வெடிக்கக்கூடும். காலையில் புறப்படும் முன், டயர் ஆறியிருக்கும்போது கையேட்டிலுள்ள அளவுக்கு அடியுங்கள். பகலில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

வண்டி: 45, 50 கிலோமீற்றர் வேகத்தில் போங்கள். மணிக்கு ஒருமுறை கால் மணி நேரம் நிறுத்துங்கள். முறுக்கை முழுதாகப் பிடித்து மணிக்கணக்கில் ஓட்டினால் முதலில் வேகுவது பெல்ட்.

எச்சரிக்கை: தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. உடன் வருபவர் குழறிப் பேசினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ அது வெப்ப வாதம். உடம்பின்மேல் தண்ணீரை ஊற்றி, விசிறியபடியே ஆம்புலன்சுக்கு 108 ஐ அழையுங்கள். நம் நாட்டில் ஒத்திகையின்போது என்றால் 1990. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

11. பெற்றோல்

இந்தியாவில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 வீதம் எத்தனோல் கலந்த பெற்றோல். பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பர்க் குழாய்களை அது இளக்கிவிடலாம். புறப்படும் முன் குழாயைப் புதிதாக மாற்றி, ஒரு முழம் கூடுதலாகவும் எடுத்துப் போங்கள். எத்தனோல் கலவை கார்புரேட்டரில் எரிபொருள் குறைந்தது போன்ற விளைவைத் தரும். ஆகவே அங்கேயும் ஒருமுறை பிளக்கைப் பார்க்க வேண்டும். வெயிலில் தாங்கியைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். பெற்றோல் விரிந்து வழியும்.

12. நீலகிரி ஏற்றம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு இதுதான் பயணத்தின் இலக்கு. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் தங்கும் இரவிலேயே எடுத்துவிடுங்கள். சமவெளிக்காகத் திருத்திய கார்புரேட்டர் மேலே கொஞ்சம் திணறும். சில நாள் தங்குவதென்றால் அப்படியே விடுங்கள். கீழே இறங்கும்போது அதே அளவு மறுபடி தேவைப்படும்.

13. திரும்புதல்

கார்னே முடிவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே கப்பலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். நுழையும்போது இந்தியச் சுங்கம் தங்கும் கால எல்லையைக் குறித்திருந்தால் கணக்கு அதிலிருந்துதான். பெட்டியை மூடும் முன் எத்தனோல் பெற்றோலை முழுதும் வடித்து, கார்புரேட்டரின் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். எத்தனோல் ஈரத்தை உறிஞ்சும். வாரக்கணக்கில் நின்றால் உள்ளே துருப்பிடிக்கும்.

வெளியேறும் முத்திரை அடிக்கட்டையில் விழுந்ததும் அதைப் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். கொழும்பில் வண்டி இறங்கியபின், கார்னேயைச் சங்கத்தில் நேரில் ஒப்படைத்து, கையளித்ததற்கான ரசீதை வாங்குங்கள். வைப்புப் பணம் கணக்கில் சேரும் நாள் வரை அந்த ரசீதும், சேசி எண்ணைத் தேய்த்தெடுத்த அந்தப் பென்சில் தாளும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.